இளம் ஆட்டக்காரர் விருது: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்துக் காற்பந்தில் ஆண்டின் சிறந்த இளம் ஆட்டக்காரர் யார் என்று அறிவிக்கப்படும்போதெல்லாம் இங்கே சாப்பாட்டுக் கடைகளில் வாக்குவாதம் கிளம்பிவிடும். "இவனுக்கு 23 வயசு, இவன் எப்படி இளம் ஆட்டக்காரர்?" என்பதில் தொடங்கி, "நம்ம தோட்ட லீக்கிலும் இப்படி ஒன்று கொடுத்தால் என்ன?" என்பதில் வந்து நிற்கும். இரண்டுக்கும் பதில் கீழே. முதல் பாதி பெரிய விருதுகளைப் பற்றியது. அடுத்த பாதி, சுற்றுவட்டாரத் தோட்டக் குழுக்களை வைத்து லீக் நடத்துபவர்களுக்கும் பிள்ளைகளைத் திடலுக்கு அனுப்பும் பெற்றோருக்கும்.

எல்லாரும் பேசும் அந்த விருது சரியாக எது?

பெரும்பாலும் பிஎஃப்ஏ விருதுதான். பிஎஃப்ஏ என்பது இங்கிலாந்துத் தொழில்முறைக் காற்பந்து ஆட்டக்காரர்களின் தொழிற்சங்கம். 1907இல் மான்செஸ்டரில் தொடங்கியது. அது 1973/74 பருவத்திலிருந்து இளம் ஆட்டக்காரர் விருதை வழங்கி வருகிறது. முதலில் பெற்றவர் இப்ஸ்விச் டவுனின் தற்காப்பு ஆட்டக்காரர் கெவின் பீட்டி. 2023இல் ஆர்சனலின் புக்காயோ சாக்கா, 2024இல் செல்சியின் கோல் பால்மர், 2025இல் ஆஸ்டன் வில்லாவின் மோர்கன் ரோஜர்ஸ் பெற்றார்கள்.

யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? ரசிகர்கள் ஓட்டுப் போட முடியுமா?

இந்த விருதுக்கு முடியாது. ஆட்டக்காரர்களே ஆட்டக்காரர்களுக்கு ஓட்டுப் போடுகிறார்கள். சொந்தக் குழுவில் இருப்பவருக்குப் போடக்கூடாது. இந்த விருதுக்கு மதிப்பு வந்ததே இந்த ஒரு விதியால்தான் என்பது எங்கள் உறுதியான எண்ணம். தொலைக்காட்சியில் பார்ப்பவருக்குக் கோல் தெரியும். 90 நிமிடமும் ஒருவனைத் துரத்திக் களைத்துப்போன தற்காப்பு ஆட்டக்காரருக்குத்தான் அவன் எவ்வளவு தொல்லை கொடுத்தான் என்பது தெரியும்.

இதில் ஒரு பழைய குறையும் உண்டு. நெடுங்காலம் விருது விழா ஏப்ரலில் நடந்தது. அதனால் பருவம் முடிய இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே ஓட்டுச் சீட்டு போய்விடும். மார்ச், ஏப்ரலில் ஒருவர் என்ன அற்புதம் செய்தாலும் கணக்கில் வராது. 2021, 2022இல் விழா ஜூனில் நடந்தது. 2023 முதல் ஆகஸ்டில் நடக்கிறது.

மலேசிய நேரப்படி எப்போது பார்ப்பது?

ஆகஸ்டில் இங்கிலாந்தைவிட நாம் 7 மணி நேரம் முன்னே இருக்கிறோம். அங்கே இரவு 8 மணிக்கு அறிவித்தால் இங்கே விடியற்காலை 3 மணி. மறுநாள் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) போகிறவர்கள் காலையில் கைப்பேசியில் பார்த்துக்கொள்வதே நல்லது. அக்டோபர் இறுதியிலிருந்து மார்ச் இறுதிவரை வித்தியாசம் 8 மணி நேரம். சனிக்கிழமை மாலை 3 மணி ஆட்டம் நமக்கு இரவு 10 மணியிலிருந்து 11 மணிக்குத் தள்ளிப்போவது இதனால்தான்.

24 வயதில் ஒருவர் எப்படி "இளம்" ஆட்டக்காரர் ஆனார்?

2010இல் ஜேம்ஸ் மில்னர் பெற்றபோது அவருக்கு 24 வயது. விதிமீறல் எதுவும் இல்லை. அப்போது எல்லை 23. ஆனால் வயதைப் பார்ப்பது விருது கொடுக்கும் நாளில் அல்ல, பருவம் தொடங்கும்போது. 2009 ஆகஸ்டில் மில்னருக்கு 23. ஜனவரியில் பிறந்தநாள் வந்து, ஏப்ரலில் மேடை ஏறும்போது 24 ஆகிவிட்டது.

23 என்ற எல்லை மிகவும் தாராளமானது என்ற குறை பல காலமாக இருந்தது. அந்த வயதில் சிலர் ஐந்தாறு ஆண்டு முதல் குழுவில் ஆடி முடித்திருப்பார்கள். அண்மை ஆண்டுகளில் எல்லையை 21ஆகக் குறைத்துவிட்டார்கள். ஆனாலும் பருவத் தொடக்கக் கணக்கு மாறவில்லை, விழாவும் அடுத்த ஆகஸ்டுக்குப் போய்விட்டது. அதனால்தான் பால்மர் 22 வயதில் கையில் வாங்கினார். கடையில் சண்டை போடுவதற்கு முன் பிறந்த தேதியையும் பருவம் தொடங்கிய மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலான சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

பிரீமியர் லீக் தரும் விருதும் இதுவும் ஒன்றா?

இல்லை. பிரீமியர் லீக் நிர்வாகம் 2019/20 முதல் தனியாக ஒன்று தருகிறது. அதன் வயது எல்லை வேறு, தேர்ந்தெடுப்பவர்களும் வேறு. 2022/23 பருவத்தில் அதை மான்செஸ்டர் சிட்டியின் எர்லிங் ஹாலண்ட் பெற்றார், லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் சேர்த்தே. அதே பருவத்துக்கான பிஎஃப்ஏ இளம் விருது சாக்காவுக்குப் போனது. இரண்டு செய்தியும் சரிதான்.

கோல்டன் பாய்?

இத்தாலியின் துத்தோஸ்போர்ட் நாளிதழ் 2003இல் தொடங்கியது. ஐரோப்பிய நாடுகளின் முதல் பிரிவில் ஆடும், 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு. ஓட்டுப் போடுபவர்கள் பல நாட்டுப் பத்திரிகையாளர்கள். ஒவ்வொருவரும் ஐந்து பேரை வரிசைப்படுத்துவார்கள். முதலாமவருக்கு 10 புள்ளி, பிறகு 7, 5, 3, 1. ஒருவர் ஒருமுறைதான் பெற முடியும். முதலில் பெற்றவர் ரஃபாயல் வான் டெர் வார்ட், 2005இல் மெஸ்ஸி, 2017இல் எம்பாப்பே, 2024இல் லமின் யமால், 2025இல் டெசிரே டுவே.

கோப்பா விருது?

பிரான்ஸ் ஃபுட்பால் இதழ் 2018 முதல், ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் டி'ஓர் விழாவிலேயே தருவது. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு. முன்னாள் பாலோன் டி'ஓர் வெற்றியாளர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள். மூன்று பேருக்கு 5, 3, 1 என்று புள்ளி. கோவிட் காரணமாக 2020இல் வழங்கவில்லை. லமின் யமால் 2024, 2025 இரண்டிலும் பெற்றார். இருமுறை பெற்ற முதல் ஆள் அவர்தான்.

ரேமண்ட் கோப்பா யார் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். போலந்திலிருந்து பிரான்சுக்கு நிலக்கரிச் சுரங்க வேலைக்குப் போன குடும்பத்தில் பிறந்தவர். பதின்ம வயதில் தானும் சுரங்கத்தில் இறங்கி, விபத்தில் கையில் விரல் இழந்தவர். 1958இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். கூலி வேலைக்காகக் கடல் தாண்டி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஆடும் திடலில் அந்தப் பெயருக்குத் தனி அர்த்தம் உண்டு.

ஒருவரே திரும்பத் திரும்பப் பெற முடியுமா?

பிஎஃப்ஏ விருதில் முடியும். ரயன் கிக்ஸ் 1992, 1993. ராபி ஃபவுலர் 1995, 1996. வேய்ன் ரூனி 2005, 2006. டெலி அலி 2016, 2017. ஃபில் ஃபோடன் 2021, 2022. ஆண்களில் மூன்று முறை யாரும் இல்லை. ஒரே பருவத்தில் இளம் ஆட்டக்காரர், சிறந்த ஆட்டக்காரர் இரண்டையும் பிஎஃப்ஏவிடம் பெற்றவர்கள் மூவர்: ஆண்டி கிரே 1977, கிறிஸ்டியானோ ரொனால்டோ 2007, கேரத் பேல் 2013.

பெண்களுக்கு உண்டா?

உண்டு. 2014 முதல். மான்செஸ்டர் சிட்டியின் லாரன் ஹெம்ப் நான்கு முறை பெற்றிருக்கிறார். கோப்பா விருதிலும் 2025இல் பெண்கள் பிரிவு வந்தது. பார்சலோனாவின் விக்கி லோப்பஸ் பெற்றார். நம் லீக்கில் பெண் குழுக்கள் இல்லையென்றாலும் தமிழ்ப்பள்ளி அளவில் பெண் பிள்ளைகள் நன்றாக ஆடுகிறார்கள். இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போனதும் திடலில் காணாமல் போய்விடுகிறார்கள். சிறுமிகளுக்கும் ஒரு விருது வைத்தால் இன்னும் இரண்டு ஆண்டு தாங்குவார்கள்.

கோல் போடுபவருக்குத்தானே எப்போதும் கொடுக்கிறார்கள்?

எப்போதும் என்று சொல்ல முடியாது. ஆனால் சாய்வு இருப்பது உண்மை. பிஎஃப்ஏ இளம் விருது பெற்ற ஒரே கோல் காவலர் வெஸ்ட் ஹாமின் மெர்வின் டே, அதுவும் 1975இல். தற்காப்பில் பீட்டி, 1987இல் டோனி ஆடம்ஸ், 2012இல் கைல் வாக்கர், 2020இல் அலெக்சாண்டர் ஆர்னல்ட் என்று எண்ணினால் கைவிரல் போதும். இளம் தற்காப்பு ஆட்டக்காரருக்குப் பயிற்றுநர்கள் வாய்ப்புத் தரவே தயங்குவார்கள். தாக்குதலில் ஒரு தவறு செய்தால் பந்து போகும். தற்காப்பில் ஒரு தவறு செய்தால் கோல் போகும். உங்கள் லீக்கில் இதைச் சரிக்கட்ட வழி கீழே இருக்கிறது.

விருது பெற்றவர் எல்லாரும் பெரிய ஆளாகிறார்களா?

இல்லை. பெரும்பாலும் திறமை தீர்ந்துபோவதால் அல்ல, உடல் முறிந்துபோவதால். முதல் வெற்றியாளர் பீட்டிக்கு முழங்கால் காயங்கள். இங்கிலாந்துக்கு 9 ஆட்டத்தோடு சரி. 1981இல் பெற்ற கேரி ஷா அடுத்த ஆண்டே ஆஸ்டன் வில்லாவோடு ஐரோப்பியக் கிண்ணம் வென்றார். பிறகு அவரையும் முழங்கால் வீழ்த்தியது. 2011இல் பெற்ற ஜேக் வில்ஷர் 30 வயதில் ஓய்வு அறிவித்தார்.

நம்மூருக்கு இதிலிருந்து ஒரு பாடம் உண்டு. 16, 17 வயதுப் பையன் நன்றாக ஆடுகிறான் என்றால் பள்ளிக் குழு, தோட்டக் குழு, மாவட்டக் குழு, ஞாயிற்றுக்கிழமை எழுவர் ஆட்டப் போட்டி என்று நான்கு பேர் கூப்பிடுவார்கள். கோயில் திருவிழாப் போட்டியில் ஒரே நாளில் ஐந்து ஆட்டம் ஆட வைப்பார்கள். வளரும் வயதில் முழங்காலுக்குக் கீழே, எலும்பு முடிச்சில் வலி என்று சொன்னால் அது சோம்பல் அல்ல, அதிகமாக ஆடியதற்கான அறிகுறி. அந்தப் பையனின் வாராந்தர ஆட்ட நிமிடங்களை யாராவது ஒருவர், அப்பாவோ பயிற்றுநரோ, எழுதி வைக்க வேண்டும். எழுதி வைக்காவிட்டால் நான்கு குழுவும் "எங்களுக்கு ஒரு ஆட்டம்தானே" என்றே சொல்லும்.

மலேசியாவில் இப்படி ஒரு விருது இருக்கிறதா?

இருக்கிறது. தேசியக் காற்பந்து விருது விழாவில் சிறந்த இளம் ஆட்டக்காரர் பிரிவு உண்டு. ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பும் ஆண்டுதோறும் ஆசியாவின் சிறந்த இளம் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கிறது. இளம் வயதிலேயே பெரியவர்களின் விருதை அள்ளியவரும் நம்மிடம் இருக்கிறார். 2002இல் பிறந்த, ஜோகூர் குழுவான ஜேடிடியின் அரிஃப் ஐமான் ஹனாபி 2021 பருவத்தில், 19 வயதில், நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஆனார்.

இளையோருக்கு நம்பி இடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பயிற்றுநர் கே. ராஜகோபால் சாட்சி. 2009 தென்கிழக்காசிய (சீ) விளையாட்டில் 23 வயதுக்குட்பட்ட குழுவோடு தங்கம். பெரும்பாலும் அதே பையன்களை வைத்து 2010இல் தென்கிழக்காசிய நாடுகளின் ஏஎஃப்எஃப் கிண்ணம், இறுதியில் இந்தோனேசியாவை மொத்தக் கணக்கில் 4-2 என்று வென்று. அந்தக் குழுவில் எஸ். குணாளன், கே. குருசாமி ஆடினார்கள்.

நம் பையன் இங்கிலாந்து விருதைப் பெற முடியுமா?

விதி தடுக்கவில்லை. வழிதான் மிகக் குறுகல். ஆசியாவில் பிறந்து வளர்ந்த யாரும் இதுவரை பெற்றதில்லை. வெளிநாட்டவர் பெறவே 1999வரை ஆனது. அது பிரான்சின் அனெல்கா. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவின் ஹேரி கியூவெல்.

முதல் தடை ஃபிஃபா விதி. 18 வயதுக்கு முன் அயல்நாட்டுக் குழுவுக்கு மாற முடியாது. பெற்றோர் வேறு காரணத்துக்காக அந்த நாட்டுக்குக் குடிபெயர்வது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. இரண்டாவது, இங்கிலாந்தின் வேலை அனுமதிப் புள்ளிகள். 15 புள்ளி வேண்டும். தேசியக் குழுவின் உலகத் தரவரிசை, ஆடிய லீக்கின் தரம், அங்கே ஆடிய நிமிடங்கள் எல்லாம் சேர்த்துக் கணக்கு. தேசியக் குழுவின் மூலம் புள்ளி வர, உலகத் தரவரிசையில் முதல் 50க்குள் இருப்பது பெரிய பலம். மலேசியா 100க்கு வெளியே. 2023 முதல் புள்ளி குறைந்தவர்களையும் எடுக்க ஒவ்வொரு பிரீமியர் லீக் குழுவுக்கும் அதிகபட்சம் 4 சிறப்பு இடங்கள் உண்டு. உலகம் முழுக்க அந்த இடங்களுக்குப் போட்டி.

லுக்மான் ஹகிம் ஷம்சுடின் கதையைப் பாருங்கள். 2018 ஆசிய 16 வயதுக்குட்பட்டோர் போட்டியில் 5 கோல். பெல்ஜியத்தின் கோர்ட்ரெய்க் குழு 2019இல் ஒப்பந்தம் போட்டது. 18 வயது ஆன பிறகுதான், 2020இல், அவரால் சேர முடிந்தது. அங்கே முதல் குழுவில் ஆடக் கிடைத்த நிமிடங்கள் மிகச் சொற்பம். 18லிருந்து 21வரை வாரவாரம் ஆட வேண்டிய காலம் அது. பெரிய பெயருள்ள குழுவின் பெஞ்சில் உட்காருவதைவிட, சிறிய லீக்கில் 30 ஆட்டம் ஆடுவதே மேல் என்று பெற்றோருக்கு நாங்கள் சொல்வது இதனால்தான்.

எங்கள் லீக்கில் இந்த விருதைத் தொடங்க நினைக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?

மூன்று விஷயங்களை முதல் ஆட்டத்துக்கு முன் எழுதி, எல்லாக் குழு நிர்வாகிகளிடமும் கையெழுத்து வாங்குங்கள்: வயதுக்கோடு, குறைந்தபட்ச ஆட்ட நிமிடம், யார் ஓட்டுப் போடுவது. நடுவில் எழுதினால் யாரோ ஒருவனுக்காக எழுதியதாகவே தெரியும்.

வயதுக்கோட்டுக்கு ஜனவரி 1 எளிது. "இந்த ஆண்டு ஜனவரி 1 அன்று 20 வயது அல்லது அதற்குக் குறைவு" என்று ஒரே வரியில் எழுதுங்கள். "20 வயதுக்குட்பட்டோர்" என்று மட்டும் எழுதினால் 20 சேர்த்தியா இல்லையா என்று இறுதியாட்டத்தன்று சண்டை வரும். மைகார்டின் (அடையாள அட்டையின்) முதல் ஆறு எண் பிறந்த ஆண்டு, மாதம், நாள். 060315 என்றால் 2006 மார்ச் 15. அசல் அட்டையைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, பதிவேட்டில் தேதியை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். வாட்சாப்பில் வரும் படத்தை ஏற்காதீர்கள். அண்ணன் அட்டையில் தம்பி ஆடுவதும் தம்பி அட்டையில் அண்ணன் ஆடுவதும் அங்கேதான் நடக்கிறது. அட்டையின் முழு நகலையும் சங்கத்துக் கோப்பில் கிடக்க விடாதீர்கள்.

நிமிடத்துக்கு ஒரு கணக்கு. 10 குழு, ஒருவரோடு ஒருவர் ஒருமுறை என்றால் ஒவ்வொரு குழுவுக்கும் 9 ஆட்டம். பாதிக்கு 35 நிமிடம் வைத்தால் மொத்தம் 630 நிமிடம். அதில் பாதி, 315 நிமிடம் ஆடியிருக்க வேண்டும். ஆனால் இதை எண்ணாக எழுதாமல் "தன் குழு ஆடிய நிமிடங்களில் பாதி" என்று எழுதுங்கள். இடியும் மழையுமாக மாலை ஆட்டங்கள் பாதியில் நிற்பது இங்கே வழக்கம். ஒரு குழு 9 ஆட்டம் முடித்திருக்கும், இன்னொன்று 7தான் முடித்திருக்கும். நான்காவது அதிகாரி வைக்கும் மாற்று ஆட்டக்காரர் சீட்டில் நிமிடத்தையும் எழுதச் சொல்லுங்கள். அதை எழுதாமல் விட்டால் பருவ இறுதியில் யாரிடமும் கணக்கு இருக்காது.

ஓட்டு யார் போடுவது? எப்படி எண்ணுவது?

ஆட்டக்காரர்களே போடட்டும். சொந்தக் குழுவுக்குப் போடக்கூடாது. ஒவ்வொருவரும் மூன்று பெயர், 5, 3, 1 புள்ளி. மூன்றும் நிரப்பாத சீட்டு செல்லாது. இல்லாவிட்டால் சிலர் தன் நண்பனுக்கு 5 போட்டுவிட்டு மற்ற இரண்டையும் காலியாக விட்டு அடுத்தவன் புள்ளியைக் குறைப்பார்கள்.

பயிற்றுநரும் கேப்டனும் மட்டும் போட்டால் வேலை குறைவு என்று தோன்றும். 10 குழுவுக்கு 20 சீட்டுதான். அதில் இரண்டு குழு பேசிவைத்துக்கொள்ள நான்கு பேர் ஒத்துப்போனால் போதும். குழுவுக்கு 15 பேர் என்று 150 சீட்டு இருந்தால், அதே வேலையைச் செய்ய 30 பேர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். நடக்காது.

எங்கே கெடுகிறது என்றால், சீட்டைக் குழு நிர்வாகியிடம் மொத்தமாகக் கொடுத்து "அடுத்த வாரம் வாங்கிக்கொள்கிறோம்" என்று விடுவதில். திரும்பி வரும் 15 சீட்டும் ஒரே பேனா மையில், ஒரே கையெழுத்தில், ஒரே மூன்று பெயரோடு இருக்கும். லீக்கின் கடைசிச் சுற்று முடிந்ததும் திடலிலேயே, வேறு குழுவைச் சேர்ந்த ஒருவர் கொடுத்து, 10 நிமிடத்தில் திரும்ப வாங்க வேண்டும். இறுதியாட்டத்துக்குப் பிறகு வைக்காதீர்கள். அன்று கோல் போட்டவனுக்கே எல்லாம் போய்விடும்.

இன்னொரு தொல்லை, எதிர்க்குழுப் பையனின் பெயர் தெரியாது. "அந்த 7ஆம் நம்பர், சுருட்டை முடி" என்பார்கள். அடுத்த வாரம் அந்த ஜெர்சியை வேறொருவன் போட்டிருப்பான். ஆகவே பருவம் முழுக்க ஒருவருக்கு ஒரே எண் என்று விதி வையுங்கள். ஓட்டு நாளில் தகுதியுள்ள இளம் ஆட்டக்காரர்களின் படம், எண், தந்தை பெயரின் முதலெழுத்தோடு முழுப்பெயர் எல்லாம் உள்ள ஒரு தாளைக் கூடாரத்தில் ஒட்டுங்கள். இரண்டு தினேஷ் இல்லாத லீக் கிடையாது.

சமமாக வந்தால் 5 புள்ளி அதிகம் பெற்றவர். அதுவும் சமம் என்றால் அதிகக் குழுக்களிடமிருந்து ஓட்டு வாங்கியவர். சீட்டுக் குலுக்கிப் போடுவதற்குப் பதில் இருவருக்கும் கொடுத்துவிடலாம். எண்ணும்போது ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். முதல் மூவரின் புள்ளியை மட்டும் அறிவியுங்கள். கடைசியில் வந்த 16 வயதுப் பையனின் புள்ளியை ஒட்டி வைப்பதில் யாருக்கும் நன்மை இல்லை.

கோல் காவலருக்கும் தற்காப்புக்கும் நியாயம் கிடைக்க?

சீட்டில் ஒரு வரி சேருங்கள்: "மூன்று பெயரில் ஒன்றாவது கோல் காவலர் அல்லது தற்காப்பு ஆட்டக்காரராக இருக்க வேண்டும்." அவருக்கு 1 புள்ளி கொடுத்தாலும் சரி. அந்த ஒரு வரியால் எல்லாரும் தங்களைத் தடுத்தவனை நினைத்துப் பார்ப்பார்கள். ஆர். ஆறுமுகத்தைக் கோல் கம்பத்துக்கு நடுவில் கண்ட நாடு இது. இளம் கோல் காவலரை விட்டுவிட்டு விருது கொடுப்பது நமக்கு அழகல்ல.

நல்ல இளம் ஆட்டக்காரரை எப்படி அடையாளம் காண்பது?

ஒரு ஆட்டத்தில் 10 நிமிடம் பந்தைப் பார்க்காதீர்கள். அந்தப் பையனை மட்டும் பாருங்கள். பந்து தன்னிடம் வருவதற்கு முன் அவன் தலை திரும்புகிறதா? இடத்தோள் வழியாக ஒருமுறை, வலத்தோள் வழியாக ஒருமுறை. திரும்பிப் பார்த்தவன் பந்து வந்ததும் திறந்த பக்கம் உடலைத் திருப்பி எடுப்பான். பார்க்காதவன் முதுகைக் காட்டிக்கொண்டு எடுத்து, வந்த வழியே திருப்பி அனுப்புவான்.

நம் திடல்களில் ஒரு எச்சரிக்கை வேண்டும். செம்மண் மேடு பள்ளத்தில், புல் இல்லாத கோல் வாயில் பந்து துள்ளும். முதல் தொடுதலை வைத்து எடை போட்டால் நல்லவனையும் தள்ளிவிடுவீர்கள். இரண்டாவது தொடுதலைப் பாருங்கள். துள்ளிய பந்தை அடுத்த நொடியில் சரிசெய்து ஆட்டத்தைத் தொடர்கிறான் என்றால் சமமான திடலில் அவன் இன்னும் நன்றாக ஆடுவான்.

பந்தை இழந்த பின் அவன் செய்வதையும் பாருங்கள். நடுவரைப் பார்த்துக் கையை விரிக்கிறானா, திரும்பி ஓடுகிறானா?

டிசம்பரில் பிறந்த பிள்ளைகளை யாரும் எடுப்பதில்லை என்பது உண்மையா?

உண்மைதான், உலகம் முழுக்க. வயதுப் பிரிவை ஜனவரி 1இல் பிரித்தால், ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஓராண்டு மூத்தவன். 12 வயதில் அது உயரத்திலும் வேகத்திலும் பெரிய வித்தியாசம். தேர்வாளர் அதைத் திறமை என்று எண்ணிவிடுவார். எடுக்கப்பட்டவனுக்கு நல்ல பயிற்சி, விடப்பட்டவனுக்கு ஒன்றுமில்லை. பிறகு வித்தியாசம் நிஜமாகிவிடுகிறது. பள்ளித் தேர்வுகளில் பெயர்ப் பட்டியலில் பிறந்த மாதத்தையும் எழுதி வைத்துப் பாருங்கள். தேர்ந்தவர்களில் முக்கால்வாசி ஆண்டின் முதல் பாதி என்றால், விட்ட பிள்ளைகளை இன்னொரு முறை கூப்பிட்டுப் பார்ப்பது நியாயம்.

பையனுக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. ஆட முடியுமா?

தோட்டப்புறத்தில் இது இன்னும் தீராத வேதனை. உள்ளூர் லீக்கில் கிளினிக் அட்டை, பள்ளிப் பதிவு இவற்றை வைத்து வயதை உறுதிசெய்து ஆடவிடலாம். ஆடவிடுங்கள். ஆனால் மாநில, தேசிய அளவில் பதிவு செய்ய அடையாள ஆவணம் கேட்பார்கள். தாமதப் பதிவு தேசியப் பதிவிலாகாவில் நீண்ட காலம் இழுக்கும். பையன் 16 வயதில் நன்றாக ஆடத் தொடங்கிய பிறகு ஓடினால் காலம் போதாது. தமிழ்ப்பள்ளியில் படிக்கும்போதே, பெற்றோரின் திருமணப் பதிவு, பிறந்த இடத்தின் ஆவணம், சாட்சிகள் எல்லாம் கிடைக்கும் நிலையில் இருக்கும்போதே தொடங்க வேண்டும். குழு நிர்வாகிகள் பதிவு நாளில் இதைக் கண்டால் பையனைத் திருப்பி அனுப்பாமல் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

எங்கள் தோட்டத்துக் குழுவில் வளர்ந்தவன் பெரிய குழுவுக்குப் போனால் எங்களுக்கு ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கலாம், ஒழுங்காகப் பதிவு செய்திருந்தால். ஃபிஃபா விதிப்படி, ஒருவர் நாடு விட்டு நாடு விலைக்கு மாறும்போது அந்தத் தொகையில் 5 விழுக்காடு அவரை 12 வயதிலிருந்து 23 வயதுவரை பயிற்றுவித்த குழுக்களுக்குப் பிரிக்கப்படும். 12 முதல் 15 வயதுவரை ஒவ்வொரு பருவத்துக்கும் 0.25 விழுக்காடு, 16 முதல் 23வரை ஒவ்வொன்றுக்கும் 0.5 விழுக்காடு. நான்கு பருவம் உங்களிடம் 15 வயதுவரை ஆடினான், பின்னாளில் 10 லட்சம் வெள்ளிக்கு மாற்றப்பட்டான் என்றால் உங்கள் பங்கு 1 விழுக்காடு, 10,000 வெள்ளி. ஒரு தோட்டக் குழுவுக்கு அது பல ஆண்டுப் பந்தும் ஜெர்சியும்.

இது கைக்கு வராமல் போவதற்கு ஒரே காரணம் தாள்தான். குழு விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். மாவட்ட, மாநிலக் காற்பந்துச் சங்கத்தின் வழி இணைந்திருக்க வேண்டும். பையன் அந்தந்தப் பருவத்தில் அந்தக் குழுவின் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். "எங்களிடம்தான் ஆடினான், ஊருக்கே தெரியும்" என்பது கணக்கில் வராது.

ஏஜென்ட் என்று ஒருவர் வந்து பணம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். உரிமம் பெற்ற ஏஜென்டின் பெயரை ஃபிஃபா இணையத் தளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். சிறுவர்களை அணுக, பெற்றோர் அல்லது பாதுகாவலரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும். அதுவும் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடும் வயதுக்கு ஆறு மாதத்துக்கு முன்பு வரக்கூடாது. 13 வயதுப் பையனுக்கு "ஐரோப்பாவில் சோதனைத் தேர்வு, விமானச் செலவு மட்டும் நீங்கள்" என்று ஒருவர் சொன்னால், 18 வயது விதியை மேலே பாருங்கள்.

அப்படியானால் 13 வயதில் எங்கே அனுப்புவது?

பள்ளி வழி மாவட்டம், மாவட்டம் வழி மாநிலம் என்ற பாதைதான் நம்மிடமிருந்து அதிகம் பேர் போன பாதை. தேசிய வளர்ச்சித் திட்டத்தின் மொக்தார் டஹாரி அகாடமி பகாங், கம்பாங்கில் இருக்கிறது. புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி, ஜோகூர் பண்டார் பெனாவாரில் துங்கு மக்கோத்தா இஸ்மாயில் விளையாட்டுப் பள்ளி ஆகியவையும் படிப்போடு பயிற்சி தருகின்றன. தேர்வுக்குப் போகும் நாளில் பையனுக்குப் பழகிய பூட்ஸைப் போட்டு அனுப்புங்கள். புதிதாக வாங்கிக்கொடுத்து அனுப்பினால் முதல் 20 நிமிடத்திலேயே குதிகால் கொப்புளித்துவிடும், தேர்வாளர் பார்ப்பதும் பெரும்பாலும் அந்த நேரத்தைத்தான். அடையாள ஆவணத்தின் அசல், இரண்டு நகல், தண்ணீர், முழங்கால்வரை காலுறை, தாடைக்காப்பு. முந்தைய நாள் இரவு 3 மணி ஆட்டம் பார்க்க விடாதீர்கள்.